இடது சக்கரத்தின் பிரேக்

கவரைப்பேட்டை
7 செப்டம்பர் 2025

மகள் மோனிகாவுக்கு,

உன் நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். உன் கடைசிக் கடிதம் வந்து முப்பத்தோரு நாள் ஆகிறது. போனில் அம்மாவிடம் நாற்பது நிமிடம் பேசுகிறாய். அவள் சிரிக்கிறாள், தலையை ஆட்டுகிறாள், கண்ணைத் துடைக்கிறாள். போனை வைத்துவிட்டுச் சிலேட்டில் "நல்லாக்கீறா" என்று ஒரு வார்த்தை எழுதிக் காட்டுகிறாள். நாற்பது நிமிடப் பேச்சுக்கு ஒரு வார்த்தை. மிச்சத்தை எனக்கு யார் சொல்வது?

காது மெஷின் வாங்கித் தருவதாக மறுபடி எழுதியிருந்தாய். மறுபடி சொல்கிறேன், வேண்டாம். கம்பி மில்லில் இருபத்தாறு வருஷம் நின்று போன காது இது. மில்காரன் ஒப்புக்கொண்டு தரவேண்டிய மெஷின். அதை என் மகள் வாங்கித் தந்துவிட்டால் அவன் தப்பித்தான். இதுவரை பதினான்கு மனு போட்டிருக்கிறேன். பதினைந்தாவது தயாராகிக்கொண்டிருக்கிறது.

ஜனவரியில் அரசாங்கப் பரீட்சை எழுத விண்ணப்பம் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள். பாஸ் செய்தால் ஜப்பானிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் ஐந்தாம் வருஷம் மூட்டை கட்ட வேண்டும், அப்படித்தானே? சந்தோஷம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் முத்திரை வைத்தாயா? அங்கே கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் செதுக்கிய முத்திரை வைப்பார்கள் என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கையெழுத்துக்கு உன் கை வேண்டும். முத்திரைக்கு யார் கையும் போதும். அதை உன் உடம்போடு வைத்துக்கொள். யார் கேட்டாலும் கொடுக்காதே.

ஸ்டேஷன் ரோட்டில் சுப்பராயன் கடைக்குப் போகும்போதெல்லாம் உன்னை விசாரிக்கிறான். விரலால் மேஜையில் விமானம் ஓட்டிக் காட்டி, எப்போது வருவாய் என்று சைகையில் கேட்கிறான். தெரியாது என்று கையை விரித்துக் காட்டினேன்.

பதில் காகிதத்தில் வேண்டும். போனில் வருவது அழிந்துபோகும்.

உன் நைனா,
பீட்டர்


டொயாமா
21 செப்டம்பர் 2025

அன்புள்ள நைனாவுக்கு,

முப்பத்தோரு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். தப்பு என்னுடையதுதான். விண்ணப்பத்தை மூன்று தடவை படித்த பிறகுதான் முத்திரை வைத்தேன். முத்திரை அம்மா கொடுத்த பழைய கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டாதீர்கள். அவளிடம் போனில் சொல்ல முடியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த முதல் வருஷம் எனக்கு ஜப்பானிய மொழி எப்படி இருந்தது என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். காலையில் முந்தின ஷிப்ட்காரர்கள் நின்றபடியே ஒவ்வொருவரைப் பற்றியும் வேகமாக ஒப்பிப்பார்கள். யார் சாப்பிடவில்லை, யாருக்கு ஜுரம் என்று. நான் எல்லாவற்றுக்கும் புரிந்தது என்று தலையை ஆட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். நான் தவறில்லாமல் எழுதக் கற்ற முதல் வாக்கியம் "கவாரி நாஷி". மாற்றம் ஏதுமில்லை என்று அர்த்தம். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அதை எழுதினால் அன்றைய வேலை முடிந்தது. இந்த மூன்று வருஷத்தில் அதை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. இப்போது அதிகம் படிக்கிறேன். மருந்துச் சீட்டு படிக்கிறேன், கான்ஜி என்ற சீன வடிவ எழுத்து தொள்ளாயிரம் தெரியும். பரீட்சைக்கு இன்னும் நானூறு வேண்டும்.

இங்கே ஓகாவா என்று ஒரு பெரியவர். வயது எண்பத்தாறு. கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டராக இருந்தவர். உங்களைப் போலவே காது போனவர், உங்களைப் போலவே மெஷின் மாட்டமாட்டேன் என்பவர். அவருக்கு நான் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அது எனக்குச் சுலபம். சின்ன வயதிலிருந்து உங்களுக்குச் சிலேட்டில் எழுதிப் பழகிய கை. குழந்தைகளுக்கு எழுதுகிற எழுத்தில் எழுதினால் பலகையைத் தள்ளிவிடுவார். கான்ஜியில் எழுதினால்தான் பார்ப்பார்.

போன செவ்வாய்க்கிழமை அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பிரேக்கும் போட்டிருந்தேன், நைனா. நன்றாக நினைவிருக்கிறது. அவர் பாரம் விழுந்ததும் இடது சக்கரம் நகர்ந்துவிட்டது. என் முழங்காலைக் கொடுத்து அவரை நிறுத்தினேன். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவர் என் கழுத்தை இறுக்கிப் பிடித்த பிடி இன்னும் இருக்கிறது.

இப்படி விபத்து நடக்காமல் தப்பியதை எழுத இங்கே ஒரு தாள் இருக்கிறது. ஹியாரி ஹாத்தோ என்று பெயர். உடம்பு சில்லிட்டு, நெஞ்சு திக்கென்றது என்று அர்த்தம். ஆறு கட்டங்கள்: தேதி, இடம், நடந்தது, நடந்திருக்கக்கூடியது, காரணம், இனி செய்ய வேண்டியது. கீழே முத்திரை வைக்க ஒரு சின்னக் கட்டம். எழுதுகிறவரைத் திட்டக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் மார்ச்சில் நான் இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதினாலும் என்னைப் பற்றித்தான் எழுதுவது போல் இருக்கிறது. தாளை எடுத்து வந்துவிட்டேன், எழுதவில்லை. அன்றைய பதிவில் "கவாரி நாஷி" என்று எழுதினேன்.

என்ன செய்யட்டும்? உங்கள் பதில் வரும்வரை எழுதாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
மோனிகா


கவரைப்பேட்டை
4 அக்டோபர் 2025

மகள் மோனிகாவுக்கு,

எழுதாதே.

முதலில் இதைப் படி, பிறகு மிச்சத்தைப் படி. எழுதாதே, முத்திரை வைக்காதே, அந்தத் தாளை அறையில்கூட வைத்துக்கொள்ளாதே. சுவரில் ஒட்டியிருப்பதை நம்பாதே. எங்கள் மில் சுவரிலும் "பாதுகாப்பே முதலில்" என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான், மறுபடி சொல்கிறேன். 2003இல் உருளையிலிருந்து சிவந்த கம்பி தப்பி வந்து சுப்பராயன் காலை எடுத்தது. மறுநாள் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. என் பெயரை மட்டும் படம் வரைவதுபோல் போடத் தெரியும். காதும் அப்போதே அடைத்துக்கொண்டிருந்தது. போடு என்றார்கள், போட்டேன். சுப்பராயன் தானாகவே அந்த இடத்தில் வந்து நின்றான் என்று அதில் எழுதியிருந்ததாம். அதைக் காட்டி அவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். படிக்கத் தெரியாதவன் கையை வைத்துப் படிக்கத் தெரியாத இன்னொருவன் காலை வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் முப்பத்தெட்டு வயதில் உன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. நானே படித்தேன்.

அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு யாராவது சாட்சி எழுதிக் கொடுப்பார்களா? நாளைக்கு அங்கே வேறு ஏதாவது நடந்தால், போன மாதமே இவள்தான் என்று உன் தாளைத்தான் எடுப்பார்கள். நீ வெளிநாட்டுக்காரி. எங்கள் மில்லில் ஒடிசாக்காரர்கள் எப்படி இருந்தார்களோ, அங்கே நீ அப்படி.

கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. ஆனால் பைபிளுக்குள் வைத்திருந்ததை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். என் இடது காதில் வாயை வைத்துக் கத்தினாள்: "அந்தப் பெருசு நாளைக்கு உய்ந்து வைச்சா யாரு பதிலு சொல்றது? நீ சொல்வியா?"

"உன் பொண்ண அனுப்பிட்டாங்கன்னா நீ பதிலு சொல்வியா?" என்றேன்.

"எல்லாத்துக்கும் மனு எய்தற ஆளு, இதுக்கு மட்டும் எய்தாதன்றியே. இன்னா மனுசன்யா நீ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாகச் சிலேட்டைத் தொடவில்லை.

அவளுக்கு ஆபீஸ் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்வதைக் கேள்.

உன் நைனா,
பீட்டர்


டொயாமா
19 அக்டோபர் 2025

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் 14ஆம் தேதி வந்தது. நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். தாளை எட்டாகக் கிழித்துச் சமையல் குப்பையோடு போட்டேன். இங்கே காகிதக் குப்பை தனியாகப் போட வேண்டும். அதிலும் ஒரு தப்பு செய்தேன்.

ஆனால் பயம் போகவில்லை. அந்த நாற்காலியை எனக்கு அடையாளம் தெரியும், கைப்பிடியில் நீலப் பட்டை ஒட்டியிருக்கும். ஷிப்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். தள்ளிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் விடுகிறேன். மத்தியானத்துக்குள் யாராவது திரும்ப எடுத்து வந்துவிடுகிறார்கள். ஏன் இதை எடுக்கிறீர்கள் என்று கேட்க முடியவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

மிசுனோ என்று ஓர் அம்மா இருக்கிறார். அறுபத்தொரு வயது. இருபது வருஷமாக இங்கே வேலை செய்கிறார். மோனிகா சான், மோனிகா சான் என்று வாய் ஓயாது. எனக்குச் சளி பிடித்தால் வீட்டிலிருந்து ஊறுகாய்ப் பிளம் கொண்டுவந்து வெந்நீரில் போட்டுத் தருவார். இப்போதெல்லாம் ஓகாவா அறை என் முறை வரும்போது, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி அவரோடு மாற்றிக்கொள்கிறேன். "வயதில் நீ பாதிகூட இல்லை, இடுப்பு மட்டும் என் இடுப்பு" என்று சிரித்துக்கொண்டே போகிறார்.

முன்பு மொழி தெரியாதபோது இவ்வளவு பயம் இருந்ததில்லை, நைனா. அப்போது யார் எதைப் பேசினாலும் மழை பெய்வதுபோல் இருக்கும். இப்போது அடுத்த அறையில் மெதுவாகப் பேசுவதுகூடப் புரிகிறது. யாராவது "சக்கர நாற்காலி" என்றால் என் கை நின்றுவிடுகிறது. படித்துப் படித்து நானே எனக்கு இப்படி ஒரு காதை வாங்கிக்கொண்டேன்.

பரீட்சைக்கான புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே ஹியாரி ஹாத்தோ பற்றித்தான். அதைத் தாண்டி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

மோனிகா


டொயாமா
2 நவம்பர் 2025

நைனாவுக்கு,

ஓகாவா விழுந்துவிட்டார். 30ஆம் தேதி காலை. என் முறை. இடுப்பு வலி என்று சொல்லி மிசுனோ அம்மாவோடு மாற்றிக்கொண்டிருந்தேன். நான் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. அரிசிப் பையை இறக்கி வைத்தது போல் இருந்தது.

இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி நிற்க மாட்டார் என்கிறார்கள். இந்த வயதில் அதற்குமேலும் ஆகலாம் என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எல்லாம் எனக்குப் புரிந்தது.

மிசுனோ அம்மா, தான்தான் பிரேக் போட மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மறக்கவில்லை, நைனா. போட்டிருப்பார். இருபது வருஷமாகப் போடுகிறவர். ஆனால் சக்கரம் நகர்ந்ததால் மறந்திருப்பேன் என்று அவரே நம்பிவிட்டார். ஓகாவாவின் மகன் முன்னால் இடுப்பு வளைய வெகுநேரம் குனிந்து நின்றார். நான் காபிக் கோப்பைகளை வைத்த தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

இந்த நாற்காலியில் முன்பு யாராவது ஏதாவது கவனித்தீர்களா என்று இயக்குநர் எல்லோரையும் கேட்டார். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. 20ஆம் தேதி கூட்டம். அதில் மிசுனோ அம்மா வேலையை விட்டு நிற்பதாகச் சொல்லப்போகிறார் என்று பேசிக்கொள்கிறார்கள்.

இந்தத் தடவை உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடி செய்தேன் என்பதைத் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

மோனிகா


கவரைப்பேட்டை
12 நவம்பர் 2025

மோனி,

நேற்று உன் கடிதம் வந்தது. உடனே உன் அம்மாவிடம், போன் செய்து எழுதச் சொல்லு என்று சொன்னேன். "அன்னிக்கு எய்தாதன்ன, இன்னிக்கு எய்துன்ற. ஏன்னு அவ கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். நான் எழுதுகிறேன், நீ இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல் என்றேன். சொல்லியிருப்பாள். ஏன் என்பது இதோ.

இடுப்பு வலி என்று நீ எழுதியதை 19ஆம் தேதிக் கடிதத்திலேயே படித்தேன். படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். உன் கடிதம் வரப் பத்து நாள், என் பதில் போகப் பத்து நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் 30ஆம் தேதிக்கு முன்னால் சேர்ந்திருக்காது. ஆனால் போன் இருந்தது. உன் அம்மாவைப் பேசச் சொல்லவில்லை.

உன் தாளில் ஆறு கட்டங்கள் என்று எழுதியிருந்தாய். அதே கட்டங்களில் எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தேதி: 2003 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை. காலை ஷிப்ட்.

இடம்: மில்லில் மூன்றாவது உருளை. என் இடம்.

நடந்தது: கம்பியை நேராக உருளைக்குள் விடும் இரும்பு வாயில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. சிவந்த கம்பி உள்ளே போகாமல் மேலே எழும்பி என் தோளுக்கு ஒரு சாண் மேலே போய் விழுந்தது. சட்டைக் காலர் கருகியது. நான் மட்டும் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் உருளையை நிறுத்துவார்கள், யாரால் நின்றது என்று கேட்பார்கள். நான் காண்ட்ராக்ட் ஆள். உன்னை அந்த ஜூனில்தான் பள்ளியில் சேர்த்திருந்தேன்.

நடந்திருக்கக்கூடியது: மறுநாள் நடந்தே விட்டது. அந்த இடத்தில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. "தோளு வலிக்குதுடா, இன்னிக்கு ஒரு நாளு நீ நின்னுக்கோ" என்று சுப்பராயனிடம் சொன்னேன். "சரி மச்சான், டீ உன் செலவு" என்று சொல்லிவிட்டு என் இடுக்கியை வாங்கிக்கொண்டான். கம்பி அவன் தொடைக்கு வந்தது.

காரணம்: நான் சொல்லாதது. இரண்டாவது காரணம், நான் அவனை அங்கே நிற்க வைத்தது.

இனி செய்ய வேண்டியது: தெரியவில்லை.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உண்மை. அதனால் அந்தத் தாளை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி. சுப்பராயன் யாரும் சொல்லாமல் தானாகவே அந்த இடத்தில் வந்து நின்றான். அதற்குப் பிறகுதான் போட்டேன். அடுத்த மாதம் என்னை நிரந்தர ஆள் ஆக்கினார்கள். காது போனது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து. அன்றைக்கு எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

பிறகு ஏன் எழுத்துப் படித்தேன் என்றால், அந்தத் தாளில் அவர்கள் படித்துக் காட்டாத ஏதாவது ஒரு வரி இருந்திருக்குமா என்று பார்க்கத்தான். இருந்திருந்தால் நான் ஏமாற்றப்பட்டவன் ஆகியிருப்பேன். மனு மேல் மனு போட்டு 2008இல் நகல் வாங்கினேன். படித்தேன். நான் கேட்டது மட்டும்தான் இருந்தது.

அந்த மிசுனோ அம்மாவைப் பேசவிடாதே. அவருக்கு முன்னால் நீ பேசு. இந்தத் தாளைச் சுப்பராயனிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு அனுப்புகிறேன்.

பீட்டர்


டொயாமா
27 நவம்பர் 2025

நைனாவுக்கு,

12ஆம் தேதி அம்மா போன் செய்து, "எய்தச் சொல்றாரு உங்க நைனா, ஏன்னு என்னைக் கேக்காத" என்றாள். அதற்கு முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொல்லி எழுதவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு தாள் எழுதினேன். செப்டம்பரில் சக்கரம் நகர்ந்தது ஒன்று. அக்டோபரில் இடுப்பு வலி என்று பொய் சொன்னது இன்னொன்று. இரண்டாவதற்கு அகராதி வேண்டியிருந்தது. நான் கற்ற ஜப்பானிய மொழியில் நோயாளியின் வலியைப் பற்றி எழுத ஐம்பது வாக்கியங்கள் தெரியும். இல்லாத வலியை இருப்பதாகச் சொன்னேன் என்று எழுதத் தெரியவில்லை. இரண்டு தாளிலும் முத்திரை வைத்தேன்.

20ஆம் தேதி கூட்டத்தில் நானே நின்று படித்தேன். நான்கு இடத்தில் இலக்கணம் தப்பாக இருந்தது, படிக்கும்போதே தெரிந்தது. யாரும் திருத்தவில்லை. பன்னிரண்டு நாற்காலிகளையும் சோதித்ததில் மூன்றில் பிரேக் தேய்ந்திருந்தது. மிசுனோ அம்மா வேலையை விடவில்லை. என்னோடு பேசுவதைத்தான் விட்டுவிட்டார். வணக்கம் சொன்னால் தலை குனிகிறார், அவ்வளவுதான். இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருக்கிறேன். மார்ச்சில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. ஓகாவாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறேன். அவர் மகன் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் 22ஆம் தேதி வந்தது.

படிக்கத் தெரியாதவனைப் பிடித்து ஏமாற்றிவிட்டார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுத நாளெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்பினீர்கள். இங்கே வந்து ஒவ்வோர் எழுத்தையும் அந்தப் பயத்தில்தான் படித்தேன், நமக்குப் படிக்கத் தெரியாத தாளில் யாரும் நம்மை மாட்டிவிடக் கூடாது என்று. தொள்ளாயிரம் எழுத்து, நைனா. பள்ளி விட்டு வரும்போது சுப்பராயன் மாமா எனக்குக் கமர்கட்டு கொடுப்பார். வாங்கலாமா என்று உங்களைத் திரும்பிப் பார்ப்பேன். நீங்கள் வேறு பக்கம் பார்ப்பீர்கள். வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதிய தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அது எனக்கு எழுத வேண்டியது அல்ல. இங்கே அப்படித் தவறான இடத்துக்குப் போன தாளை வாங்கிக்கொள்ளமாட்டார்கள். யாருக்கு உரியதோ அவரிடம் கொடுங்கள். கொடுத்த பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

மோனிகா


கவரைப்பேட்டை
21 டிசம்பர் 2025

மோனி,

கொடுத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுப்பராயன் கடை வரைக்கும் போனேன், வந்தேன். பீடி வாங்கினேன். நான் பீடி பிடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தான். நேற்று உன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் எத்தினி நாளைக்கு அத்தத் தூக்கிக்கினு அலைவ?" என்று கத்தினாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் துணி துவைக்கிறவள் அவள்தானே.

இன்று காலை ரயில் போய்க் கூட்டம் கலைந்த பிறகு கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தான். அவனும் எனக்குப் பிறகுதான் எழுத்துப் படித்தான். எதற்குப் படித்தான் என்று இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. இரண்டு தடவை படித்தான். நாலாக மடித்தான். கல்லாவில் போடவில்லை, தன் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு பேசினான். வெகுநேரம் பேசினான், மோனி. கத்தவில்லை. உதடு மெதுவாகத்தான் அசைந்தது. ஒரு தடவை தன் கட்டைக்காலைத் தட்டினான். ஒரு தடவை மில் இருக்கும் சிப்காட் பக்கம் கையைக் காட்டினான். ஒரு தடவை பல் தெரிந்தது. அது சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிலேட்டையும் பலப்பத்தையும் நீட்டினேன். வாங்கினான். எழுதாமல் பிஸ்கட் பாட்டில் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் பேசினான். என் காது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினான்.

பேசி முடித்து டீ போட்டான். எனக்குத்தானா என்று புரியாமல் நின்றேன். வேறு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

என்ன சொன்னான் என்று தானே போய்க் கேட்டு வருவதாக உன் அம்மா சொன்னாள். வேண்டாம் என்றேன். அவன் எனக்குத்தான் சொன்னான்.

அந்தத் தாளில் கடைசிக் கட்டத்தைத் தெரியவில்லை என்று விட்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

இனி செய்ய வேண்டியது: காது மெஷின். மில்காரன் கொடுக்கட்டும் என்று இனிக் காத்திருக்கப்போவதில்லை. வியாழக்கிழமை கிறிஸ்துமஸ் என்பதால், அது கழிந்து 26ஆம் தேதி திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சோதித்து, அளவெடுத்து, கைக்கு வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. வந்ததும் மாட்டிக்கொண்டு சுப்பராயன் கடைக்குப் போவேன். அன்று சொன்னதை மறுபடி ஒரு தடவை சொல் என்று கேட்பேன். சொல்லமாட்டேன் என்றால் சொல்லும்வரை நிற்பேன்.

அதற்குப் பிறகு நீ போனில் பேசினால் எனக்கும் கேட்கும். பேசுவதும் பேசாமல் இருப்பதும் உன் இஷ்டம். ஜனவரிப் பரீட்சையில் நீ தாண்டிப் போன அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் போ.

முதலில் அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது.

பீட்டர்